ஏ.ஆர்.பி. தொட்டியில் ஒரு தாமரை

யுத்தத்தில் விமானக் குண்டு விழுந்தால் தீயணைக்க, ஏ.ஆர்.பி. என்கிற விமானத் தாக்குதல் காப்புப் படையார் எங்கள் மாதுங்காக் கட்டடத்தின் முற்றத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டிவைத்திருக்கிறார்கள். குண்டு வரவில்லை. கொசுதான் வந்தது.

தொட்டி வீணாவானேன் என்று முதல் மாடி சீதாராமன் யோசித்தார். ரயில்வே ஆபீஸ் குமாஸ்தா, சும்மா இருப்பாரா? விக்ரோலிப் பக்கத்துக் குட்டையிலிருந்து ஒரு கிழங்கைக் கொண்டுவந்து, சேறு நிரப்பிய சட்டியில் நட்டு, தொட்டிக்குள் இறக்கினார்.

"தாமரை! வரலக்ஷ்மி நோன்புக்கு எல்லார் ஆத்துக்கும் இந்த வருஷம் என் பூதான்."

எட்டு வீடும் பூக்காரியிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டன.

போன வெள்ளிக்கிழமை நோன்பு. காலை ஆறு மணிக்குத் தொட்டியில் ஒன்பது வெள்ளைப் பூக்கள். "பாரும் ஓய்!" என்றார் என்னிடம். பார்த்தேன். அழகுதான்.

ராகுகாலம் கழித்து, பன்னிரண்டு மணிக்குப் பூஜை. பறிக்கப் போனால்... ஒன்பதும் இறுக மூடிக் கிடக்கின்றன! சீதாராமன் ஒன்றை விரலால் பிரித்தார். இதழ் கிழிந்தது.

வாசலில் கூடையை இறக்கியிருந்த தாராவிக் கீரைக்காரி — திருநெல்வேலிக்காரி — எட்டிப் பார்த்தாள்.

"இது அல்லிப்பூல்லா, சாமி! எலையில வெட்டு விழுந்திருக்கு பாருங்க. தாமர எல முழு வட்டமால்லா இருக்கும்."

"உனக்கென்ன தெரியும்? தாமரைதான்."

"சரி, தாமரைன்னே கும்பிடுங்க. ஆனா பொழுது சாஞ்சாத்தான் முழிக்கும்."

சீதாராமனின் மனைவி அலமு இடுப்பில் கைவைத்து நின்றாள். மேலே ஜன்னலுக்கு ஒரு தலை. பூ இல்லாத பூஜை என்றால், இனி இந்தக் கட்டடத்தில் அவர் பேச்சை யார் கேட்பார்கள்?

அந்த நேரம் பார்த்து வாத்தியார் வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். சீதாராமன் அவரை ஓரங்கட்டினார்.

"சாயங்காலம் பண்ணினா தோஷம் உண்டோ?"

செம்பூரில் இன்னும் மூன்று வீடு பாக்கி வைத்திருந்த வாத்தியாருக்குச் சாஸ்திரம் உடனே நினைவுக்கு வந்தது.

"பேஷாப் பண்ணலாம்! விளக்கு வெச்சப்புறம் வர்றவதானே லக்ஷ்மி!"

கொழுக்கட்டையை மூடி வைத்தார்கள். பூஜை முடியும்வரை பெண்கள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடமாட்டார்களே!

பொழுது சாய்ந்தது, அல்லி கண் திறந்தது. சீதாராமன் வீடு வீடாகப் போய், "வெள்ளைத் தாமரை" என்று கொடுத்தார். ஒருவரும் மறுக்கவில்லை. பசியில் யாருக்குத் தாவர சாஸ்திரம் பேசத் தெம்பு?

அலமு மட்டும் சொன்னாள்: "தாமரைன்னா தாமரைதான், சரி. அடுத்த வருஷம் பூக்காரிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

ஒரு குமாஸ்தா 'தப்பாப் போச்சு' என்று சொல்லிவிடக் கூடாதே என்பதற்காக, மகாலக்ஷ்மியே ஆறு மணி நேரம் வாசலில் காத்திருந்தாள்!