இறங்காத டயர்

ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அத்தையைத் தேடுகிறவர்கள் அப்பாவின் லொறிக்கு அடியில்தான் தேட வேண்டும். இடுப்பில் பழைய சாரமும் மேலே அப்பாவின் கிழிந்த சட்டையுமாக, தரையில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்திருப்பாள். வெளியே இரண்டு பாதங்கள் மட்டும் தெரியும். அந்தப் பாதங்களிடம்தான் நான் வீட்டுக்கணக்கில் சந்தேகம் கேட்பேன். பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்ட சேதியையும் அவற்றிடம்தான் சொன்னேன்.

அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணம் ஆகாததால் எங்களோடு இருந்தாள். கண்டியில் ஒரு துணிக்கடையில் பில் எழுதும் வேலை. அப்பா தெல்தெனியப் பக்கம் மரக்கறி ஏற்றிக் கண்டிச் சந்தைக்குக் கொண்டுபோவார். அத்தையும் காலையில் அதே லொறியில் முன் சீட்டில் ஏறிப் போய்விடுவாள்.

லொறியின் பின்பக்கம், அடியில், ஒரு ஸ்பெயார் டயர் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அது அங்கே இருக்கிறது என்பதைத் தவிர அப்பாவுக்கு அதைப் பற்றி வேறு கவலை இருந்ததில்லை. ஒரு நாள் ஓர் இறக்கத்தில் அந்தச் சங்கிலி துருவேறி அறுந்துபோனது. டயர் ரோட்டில் விழுந்து, லொறியையே முந்திக்கொண்டு உருண்டு போய், பஸ் தரிப்பிடத்தின் சுவரில் மோதிப் படுத்துக்கொண்டது. அங்கே நின்றிருந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பஸ் அப்போதுதான் புறப்பட்டிருந்தது. அப்பா டயரைத் தூக்கி லொறியில் போட்டுவிட்டு, நல்ல காலம் என்று சிரித்தாராம். அத்தை சிரிக்கவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை. மூன்றாம் நாள் வேலை விட்டு வரும்போது ஒரு கம்பி பிரஷும் ஒரு டப்பா கிரீஸும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அன்றிலிருந்து அந்த டயர் அவள் பொறுப்பு. மாதம் ஒரு தடவை அதைத் தரைக்கு இறக்குவாள். சேற்றையும் துருவையும் சுரண்டுவாள். புதுச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகத் தடவிப் பார்ப்பாள். சங்கிலியைச் சுற்றி இழுக்கும் உருளைக்குக் கிரீஸ் பூசுவாள். டயரின் நடு ஓட்டையில் உட்காரும் இரும்புத் தட்டு சாயாமல் இருக்கிறதா என்று பார்த்துத்தான் மேலே ஏற்றுவாள். ஏற்றிய பிறகு இரண்டு கையாலும் டயரைப் பிடித்து உலுக்குவாள். கொஞ்சம் ஆடினாலும் இன்னும் அரைச் சுற்று இறுக்குவாள். மேலதிகமாக இன்னொரு சங்கிலியையும் மாட்டிவிட்டுத்தான் வெளியே வருவாள். அப்பா பக்கத்தில் நின்று வெற்றிலை போட்டபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்.

அம்மாவுக்கு இதில் மகிழ்ச்சியில்லை.

"டயர நல்லாத்தான் பாக்குறா. அவள வந்து பாக்குறவங்கதான் திரும்பி வர மாட்டேங்குறாங்க" என்பாள்.

அது உண்மைதான். அதுவரை ஐந்து குடும்பங்கள் வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தன. ஐந்து பேரும் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே "போய்ச் சொல்றோம்" என்றார்கள். ஒருவரும் சொல்லவில்லை. ஐந்தாவது குடும்பத்தின் காதில், லொறிக்கு அடியில் படுக்கிற பொண்ணு என்று யாரோ ஓதிவிட்டார்கள் என்பது அம்மாவின் முடிவு.

ஆகவே ஆறாவது குடும்பம் வருகிறது என்றதும் அம்மா முன்னேற்பாடுகளில் இறங்கினாள். வருவதோ ஒரு முதல் ஞாயிறு. "இந்த ஒரு மாசம் பாக்காட்டி டயர் செத்துப் போயிராது" என்று சொல்லி, சாரத்தையும் சட்டையையும் அலுமாரிக்குப் பின்னால் செருகினாள். தேசிக்காய்த் தோலும் உப்பும் வைத்து அத்தையின் நகங்களைத் தேய்த்தாள். லொறியைக் கீழே கோயில் மண்டபத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு வரும்படி அப்பாவை அனுப்பினாள். எனக்கு அப்போது எட்டு வயது. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வந்தவர்கள் முன்னால் லொறி என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்றாள். வேறு எந்தச் சொல்லெல்லாம் வரலாம் என்று கேட்டேன். எதுவுமே வர வேண்டாம் என்றாள்.

மாப்பிள்ளை பிலிமத்தலாவையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்தார். சீமெந்து, தகரம், குழாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொடுத்து வருவது அவர் வேலை. அன்றைக்கு முதலாளியின் கெப் வண்டியையே இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முன்னால் ஆட்களுக்கு இடமும் பின்னால் சாமான் ஏற்றத் திறந்த பெட்டியும் உள்ள வண்டி. அவரோடு அவருடைய அம்மாவும் தாய்மாமாவும் வந்தார்கள்.

பேசியது முழுக்க அந்த மாமாதான். எங்கள் ஊர்த் தண்ணீர், கண்டியில் வாகன நெரிசல், விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் குறைந்தது, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஓர் அபிப்பிராயம் இருந்தது. மாப்பிள்ளை கதிரையின் நுனியில் உட்கார்ந்து தன் கால் பெருவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா மெலிந்த, அமைதியான மனுசி. அத்தை மயில் நிறச் சேலையில் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தபோது, "வேல தூரமாம்மா?" என்று மட்டும் கேட்டார். "இல்லம்மா, கண்டியிலதான்" என்றாள் அத்தை. எதில் போகிறாய் என்று கேட்டுவிடுவாரோ என்று அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை.

அரை மணி நேரத்தில் மாமா எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அப்ப, போய்ச் சொல்றோம்" என்றார்.

அத்தை உள்ளே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டாள். சேலையின் ஊசியைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள்.

அவர்களால் போய்ச் சொல்ல முடியவில்லை. போகவே முடியவில்லை. கெப்பின் பின் டயர் ஒன்று காற்றுப் போய்த் தட்டையாகக் கிடந்தது. எங்கள் வீட்டுப் பாதையின் கல்லோ ஆணியோ செய்த வேலை. மாமா எங்கள் பாதையைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் சொன்னார்.

ஸ்பெயார் டயர் வண்டியின் அடியில் தொங்கியது. மாப்பிள்ளை நீளக் கம்பியைப் பின்பக்கத் துவாரத்தில் விட்டுச் சுற்றிப் பார்த்தார். கம்பி அசையவில்லை. பலம் கொடுத்துச் சுற்றினார். கிறீச்சென்று சத்தம் வந்ததே தவிர டயர் இறங்கவில்லை. கடையில் அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் அதை இறக்கிப் பார்த்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பா குனிந்து பார்த்தார், நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா ஜன்னலைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டார்.

"கல்லால ரெண்டு போடு, எறங்கிரும்" என்று மாமா ஒரு பெரிய கல்லை எடுத்துக் கொடுத்தார்.

மாப்பிள்ளை வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் நுழைந்து, டயருக்கு நேர் கீழே மல்லாந்து படுத்து, மேலே உருளையைக் கல்லால் அடிக்கத் தொடங்கினார். முதல் அடிக்குத் துரு கொட்டியது. இரண்டாவது அடிக்கு டயர் ஒரு பக்கம் சரிந்து, ஆடியது.

"அதுக்கு நேர் கீழ படுக்காதீங்க! வெளிய வாங்க!"

ஜன்னலிலிருந்து வந்த அந்தச் சத்தத்தில் மாமாவே பேச்சை நிறுத்தினார். மாப்பிள்ளை வெளியே வருவதற்குள் அத்தை வாசலுக்கு வந்துவிட்டாள். செருப்பு இல்லை. முகம் வெளுத்திருந்தது. "அது விழுந்தா நெஞ்சிலதான் விழும். கல்லெல்லாம் வேணாம்" என்றாள். அவள் குரல் நடுங்கியதை நான் அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

மாப்பிள்ளை எழுந்து நின்றார். முடியெல்லாம் துருத்தூள். அவர் மாமாவைப் பார்க்கவில்லை. "இப்ப என்ன செய்யணும்?" என்று அத்தையிடம் கேட்டார். அன்று அவர் வாயிலிருந்து எங்கள் வீட்டில் வந்த முதல் வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு அம்மாவின் ஏற்பாடுகள் ஒவ்வொன்றாகக் கழன்றன. "அண்ணே, லொறியில இருக்கிற ஜக்கும் பலகையும் எண்ணெயும்" என்றாள் அத்தை. அப்பா கோயில் மண்டபத்துக்கு ஓடினார். லொறியையே ஓட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினார். அலுமாரிக்குப் பின்னால் இருந்த சட்டையை நானே எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். லொறி என்ற சொல்லை மட்டும் நான் சொல்லவில்லை.

அத்தை சேலைக்கு மேலே அந்தச் சட்டையைப் போட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். வண்டி நகராதபடி சக்கரங்களுக்குக் கல் வைக்கச் சொன்னாள். இரண்டு சாக்குகளை விரித்து, ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் அவரும் படுத்தார்கள். ஸ்பெயார் டயருக்கு அடியில் பாரம் தூக்கும் ஜக்கை வைத்து, அதன்மேல் பலகையை வைத்து, டயரை ஓர் அங்குலம் மேலே தூக்கினார்கள். பாரம் சங்கிலியை விட்டு ஜக்குக்கு வந்தால்தான் உள்ளே இறுகிய கொக்கி விடும் என்று அத்தை சொல்வது கேட்டது. பிறகு உருளைக்கு எண்ணெய் விட்டார்கள்.

"ஊறணும். கொஞ்ச நேரம் ஆகும்" என்றாள் அத்தை.

பெரியவர்கள் விறாந்தையில் போய் உட்கார்ந்தார்கள். மாமா மணிக்கூட்டைப் பார்த்தார். அம்மா குசினிக்குள் போய், இன்னொரு தடவை தேத்தண்ணி வைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, "எறங்கிருச்சான்னு பாத்துட்டு வா" என்றாள்.

நான் போய்க் குப்புறப் படுத்து எட்டிப் பார்த்தேன். டயர் இறங்கியிருந்தது. பலகையின்மேல் பத்திரமாக உட்கார்ந்திருந்தது. அதற்கு இந்தப் பக்கம் அத்தை, அந்தப் பக்கம் மாப்பிள்ளை. அத்தையின் கையில் கம்பி பிரஷ் இருந்தது, ஆனால் யாரும் தேய்க்கவில்லை.

"மாசா மாசம் எறக்கிப் பாப்பீங்களா?" என்று அவர் கேட்டார்.

"பாப்பேன். இன்னைக்குத்தான் விடல."

"ஏன்?"

"நீங்க வர்றீங்கன்னு."

அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் கேட்டார்: "ஒங்களுக்கு இதுல இஷ்டமா? இல்ல வீட்ல சொல்றாங்கன்னு ஒத்துக்கிட்டீங்களா?"

"நீங்க மொதல்ல சொல்லுங்க" என்றாள் அத்தை.

எனக்கோ டயர் இறங்கிய சந்தோஷம். "அத்தை, டயர் எறங்கிருச்சி!" என்று கத்தினேன்.

இரண்டு பேரும் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். அத்தையின் தலை வண்டியின் இரும்பில் இடித்தது. "இன்னும் எறங்கலன்னு போய் சொல்லு" என்றாள்.

"எறங்கிருச்சே. இந்தா இருக்கே."

"எறங்கல. போய் சொல்லு, தங்கம்."

பொய் சொல்லக் கூடாது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அத்தைதான். குழப்பத்தோடு விறாந்தைக்குப் போய், "இன்னும் எறங்கலயாம்" என்று சொன்னேன். மாமா உச்சுக்கொட்டினார். அப்பா மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் போனது. மாமா பொறுமை இழந்து எழப்போனார். "நீங்க இருங்க அண்ணே, நான் பாக்குறேன்" என்று மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். நானும் பின்னாலேயே போனேன். அவர் சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, முழங்காலில் கை வைத்து, மெதுவாகக் குனிந்து பார்த்தார். நானும் குனிந்தேன். டயர் முன்பிருந்த இடத்திலேயே இருந்தது. அடியில் இருந்த இருவரும் எங்களைக் கவனிக்கவில்லை. அத்தை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், அவர் கன்னத்துக்குக் கை கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த அம்மா வெகுநேரம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, விறாந்தைப் பக்கம் திரும்பி, "இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும் போல அண்ணே. அவசரப்படுத்தாதீங்க" என்றார்.

என் தலையில் கை வைத்து என்னையும் கூட்டிக்கொண்டு நடந்தார்.

வெயில் சாயும் நேரத்தில்தான் அந்த டயர் அதிகாரபூர்வமாக இறங்கியது. மாற்றிப் பூட்டினார்கள். காற்றுப் போன டயரை அடியில் ஏற்றி இறுக்கினார்கள். அத்தை பிடித்து உலுக்கிப் பார்த்தாள். பிறகு அவரும் பிடித்து உலுக்கிப் பார்த்தார். "கண்டி தாண்டினதும் நிப்பாட்டி இன்னொருக்கா ஆட்டிப் பாருங்க" என்றாள். அவர் தலையாட்டினார். மாமா முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினார். இந்தத் தடவை யாரும் "போய்ச் சொல்றோம்" என்று சொல்லவில்லை. அம்மா அதைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

விளக்கு வைத்த சிறிது நேரத்தில் அப்பாவின் போன் அடித்தது. அப்பா கேட்டுவிட்டு வைத்தார்.

"யாரு?"

"மாப்பிள்ள. டயர் ஆடலயாம்."

"வேற என்ன சொன்னாரு?"

"வேற ஒண்ணும் சொல்லல."

அத்தை முற்றத்துக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சேதியைக் கேட்டும் கையைக் கழுவிக்கொண்டேதான் இருந்தாள். கிரீஸ் எப்போதோ போயிருக்க வேண்டும்.

அம்மா குசினியில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு ரொட்டி தட்டினாள். பாவமாக இருந்தது. ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வேண்டும் போலிருந்தது. பகல் முழுக்க என் மனதில் கிடந்த விஷயத்தைச் சொன்னேன்.

"அம்மா, நீங்க கவலப்படாதீங்க. அவங்க வேணாம்னு சொன்னாலும் பரவாயில்ல. மாப்பிள்ளையோட அம்மாவுக்குக் கண்ணு சரியாத் தெரியாது."

"என்னடி உளறுற?"

"நெசமா. டயர் கீழ எறங்கி, அவங்க மூக்குக்கு நேரா இருக்கு. குனிஞ்சு நல்லாத்தான் பாத்தாங்க. அப்படியும் இன்னும் நேரம் எடுக்கும்னு அந்த மாமாகிட்ட சொல்றாங்க. பாவம், யாராவது கண்ணாடி வாங்கிக் குடுக்கணும்."

அம்மாவின் கை மாவில் அப்படியே நின்றது.

"எறங்கியிருந்திச்சா? அந்த அம்மா பாத்தாங்களா? அப்ப, உள்ள ரெண்டு பேரும் என்ன செஞ்சாங்க?"

"ஒண்ணும் செய்யல. பேசிக்கிட்டு இருந்தாங்க."

அம்மா குசினித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாவுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். பிறகு அப்பாவைக் கூப்பிட்டு, "இவ சொல்றதக் கேளுங்க" என்று என்னை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வைத்தாள். அப்பாவும் சிரித்தார். நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். ஒரு மனுசிக்குக் கண் தெரியவில்லை என்பதில் இவ்வளவு சந்தோஷப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை. அன்றைக்கு எங்கள் வீட்டில் இரக்கம் உள்ள ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, கோபத்தோடு போய்ப் படுத்தேன்.