லான் அன்ரிக்கு வாசிக்கத் தெரியாத அறிவித்தல்

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனபோது முதலில் என் கண்ணில் பட்டது சிவப்பு டிராகன்தான். கடைக் கண்ணாடியில் புதிதாக ஒட்டியிருந்த தாளின் நான்கு மூலைகளிலும் எங்கள் மெனு அட்டையில் உள்ள அதே டிராகன். நடுவில் லான் அன்ரியின் படம். கீழே சீன எழுத்துகள். விளம்பரம் என்றுதான் நினைத்தேன்.

உள்ளே போனதும் முதலாளி அண்ணை கேட்டார். "உனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே? லான் அக்கா நேற்றுக் காலமை மோசம் போயிட்டா. ஹார்ட் அட்டாக்."

லண்டன் ஈஸ்ட் ஹாமில் எங்கள் சீனச் சாப்பாட்டுக் கடைக்கு வந்தவர்கள் அவரைப் பார்த்திருப்பார்கள். கண்ணாடிக்கு அருகே நின்று பெரிய சட்டியில் ஃப்ரைட் ரைஸ் கிளறிய சீனப் பெண்மணி. அவர் பேசிக் கேட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சியூ லான் அன்ரி மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் அங்கே மளிகைக்கடை வைத்திருந்தார். பக்கத்தில் இருந்தது தமிழ்ப் பள்ளி மட்டும். வீட்டில் ஹக்கா என்ற சீன மொழி பேசினார்கள். அன்ரி எழுதப் படிக்கக் கற்றது தமிழில். சீன எழுத்து ஒன்றுகூட அவருக்குத் தெரியாது.

நான் பதினாறு வயதில் படிப்பை விட்டுவிட்டு இந்தக் கடைச் சமையலறைக்கு வேலைக்குப் போனேன். யாரோடும் வாய் திறக்க மாட்டேன். முதல் நாள் வெங்காயம் வெட்டும்போது பின்னால் ஒரு குரல். "கத்திய அப்படிப் பிடிக்காதேமா, விரலும் சேந்து வதங்கிடும் லா." 'லா' என்று முடியும் மலேசியத் தமிழ். திரும்பினேன். "என்னமா, பேயப் பாத்த மாதிரி? தமிழ்தானே பேசுறேன்."

அந்தத் தமிழ் முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

"அக்கா, சனத்துக்கு முன்னாலை தமிழ் கதையாதேங்கோ. பிறகு இது சீனச் சாப்பாடு எண்டு ஆர் நம்புவினம்?"

"சரி தம்பி. ஊமைச் சீனச்சி வேஷம்தானே, கட்டிடலாம்."

கட்டினார். ஒருநாள் ஓர் அம்மா கண்ணாடிக்கு முன்னால் நின்று மகளிடம் சொன்னார்: "உவை நாய், பாம்பு எல்லாம் தின்னிற ஆக்கள். கை கழுவினவளோ தெரியாது." அன்ரி தலை நிமிரவில்லை. பார்சலை இரண்டு கையாலும் நீட்டினார். அந்த அம்மா விரல் படாமல் வாங்கினார்.

பிறகொருநாள் சீன மாணவர்கள் சிலர் வந்து அவரோடு மாண்டரினில் பேசினார்கள். அவருக்கு விளங்கவில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். உள்ளே வந்து அன்ரி சொன்னார்: "சீனச்சின்னா அவங்களுக்கு நான் பத்தல. உங்க ஆளுங்களுக்கு நான் கூடிப் போயிட்டேன்."

இடைவேளையில் இலவசத் தமிழ்ப் பத்திரிகையில் மரண அறிவித்தல்களைத்தான் முதலில் வாசிப்பார், உரக்க, ராகத்தோடு: "பிறப்பிடமாகவும், வதிவிடமாகவும் கொண்ட..." பிறகு ஒருநாள் முதலாளியிடம் கேட்டார். "தம்பி, நான் செத்தா எனக்கும் இப்படிப் போடுவியா?"

"உங்களுக்கேன் அக்கா தமிழிலை? ஆர் வாசிக்கிறது?"

"பொறந்த ஊரும் இருந்த ஊரும் எனக்கும் இருக்கு லா. போடு. வெளையாட்டுக்குச் சொல்லல."

முதலாளி சிரித்தார். அன்ரி சிரிக்கவில்லை.

இப்போது டிராகன். அதுவும் சிவப்பில். சீனர் வழக்கத்தில் சாவுக்குச் சிவப்பு ஆகாது. தகப்பனார் இறந்தபோது வாசலில் இருந்த சிவப்புத் தாள்களையெல்லாம் கிழித்தெடுத்ததாக அன்ரியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். முதலாளியும் கேட்டுக்கொண்டுதான் நின்றார்.

"அண்ணை, அதிலை என்ன எழுதியிருக்கு?"

"ஆருக்குத் தெரியும். போனிலை தேடி எடுத்த எழுத்து."

"அன்ரி தமிழிலை கேட்டவ."

"சீனத்திக்குத் தமிழிலை அஞ்சலி போட்டா சனம் என்ன நினைக்கும், பிள்ளை? போய் வெங்காயத்தை வெட்டு."

உயிரோடு இருந்தபோது அவர் வாயை மூடினோம். செத்த பிறகும் மூடிவிட்டோம். உங்கள் வேஷம் முடிந்துவிட்டது, அன்ரி. அதை நீங்களே கழற்ற நாங்கள் விட்டிருக்க வேண்டும்.

நான் வெங்காயம் வெட்டப் போகவில்லை. கண்ணாடியில் இருந்த தாளைக் கிழித்தேன். பார்சல் சுற்றும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, "மலேசியா சுங்கை சிப்புட்டைப் பிறப்பிடமாகவும், லண்டன் ஈஸ்ட் ஹாமை வதிவிடமாகவும் கொண்ட" என்று கறுப்பு மார்க்கரால் பெரிதாக எழுதி, அதன் கீழே அவர் பெயரை எழுதி, தெருவைப் பார்க்க ஒட்டினேன்.