பல் டாக்டரின் வலது தோள்

தெர்மாமீட்டர் அக்காவின் இடது மணிக்கட்டைப் பற்றித் தெருவில் உலவும் கதைகளில் பாதி பொய். மீதிப் பாதியை அவளே கிளப்பிவிட்டாள். மூடிய கதவுக்கு வெளியே நின்றபடி உள்ளே டீ ஆறிக்கொண்டிருப்பதைச் சொல்லிவிடுவாளாம். சண்டை போடும் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே கையை நீட்டினால், யாருக்குக் கொதிப்பு அதிகம் என்று அந்த மணிக்கட்டு தீர்ப்புச் சொல்லுமாம். நம்புகிறவர்கள் நம்பட்டும். குழந்தை முனகினால் தெருத் தாய்மார்கள் காய்ச்சல் பார்க்க அவள் கதவைத்தான் தட்டினார்கள் என்பது மட்டும் சத்தியம்.

அவளுக்கு வேலை, ஒரு வைத்தியசாலையில் கிழி ஒத்தடம் கொடுப்பது. நொச்சி, ஆமணக்கு, எருக்கு இலைகளை நறுக்கி, எலுமிச்சைத் துண்டும் இந்துப்பும் சேர்த்து எண்ணெயில் வதக்கி, சதுரத் துணியில் கொட்டிக் குடுமி வைத்துக் கட்டினால் கிழி தயார். ஒரு கிழி உடம்பில் உழைக்கும்போது இன்னொன்று வாணலி எண்ணெயில் சூடேறிக்கொண்டிருக்கும். சூடு அதிகமாக இருக்கையில் பட்டும் படாமலும் தட்ட வேண்டும். ஆற ஆற அழுத்தித் தேய்க்க வேண்டும். ஆனால் எந்தக் கிழியும் நேரே ஆளின் உடம்புக்குப் போய்விட முடியாது. கொடுப்பவரின் மணிக்கட்டைத் தொட்டு, அது சரி என்ற பிறகுதான் மேலே போகலாம். பதினேழு வருஷமாக அவளுடைய மணிக்கட்டு அப்படிக் காவல் இருந்தது. கல்லாக இறுகிய தசை கைக்குக் கீழே திடீரென்று பிடிவாதத்தை விடும் பாருங்கள், அந்த ஒரு கணத்துக்காக அவள் இன்னும் பதினேழு வருஷம் அடுப்பருகே நிற்கத் தயார்.

ஆள் படுத்திருக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று உடம்பின் இடது பாதியைக் கவனிப்பவள் அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. வேலைக்கு வந்து மூன்று வருஷம். வாணலி அருகே போனாலே "ஸ்ஸ்" என்பாள்.

"மெழுகுல செஞ்ச கைடி உனக்கு," என்பாள் அக்கா.

"உங்க கை என்ன, செங்கல்லா அண்ணி?" என்பாள் அவள்.

அந்த மாதம் ஒரு பல் டாக்டர் வந்துகொண்டிருந்தார். முப்பது வருஷம் பிறர் வாய்க்குள் எட்டிப் பார்த்துக் கழுத்தும் தோளும் பிடித்துக்கொண்ட மனிதர். ஊருக்கெல்லாம் "வலிக்காது, வலிக்காது" என்று சொல்லியே பிழைத்தவருக்குத் தான் "ஆ" என்று கத்த வெட்கம். குப்புறப் படுத்தால் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். மூன்றாம் நாள் எழுந்து சட்டை மாட்டியவர் மெல்லக் கேட்டார்.

"தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒரே அடுப்புலதான் சூடு பண்றீங்களா?"

"ஏன் டாக்டர்?"

"இடது தோள்ல மழைக்காலம், வலது தோள்ல கோடைக்காலம். அதான் ஒரு சந்தேகம்."

வைத்தியசாலையை நடத்தும் வைத்தியர் அம்மா அவர் சட்டையை விலக்கிப் பார்த்தார். வலது தோளில் உள்ளங்கை அளவுக்குச் செவ்வரளி நிறம். நல்ல வேளையாகக் கொப்புளம் இல்லை.

டாக்டர் போன பிறகு அம்மா அக்காவிடம் சத்தம் போடவில்லை. "நாளை மறுநாள் அவர் வருவார். அதுக்குள்ள எதனால இப்படின்னு தெரியணும். தெரியலேன்னா நீங்க இலை நறுக்கற அறைக்குப் போயிடுங்கம்மா. வலின்னு வர்றவங்களை நாமளே சுடக்கூடாது."

இலை நறுக்கும் அறை! அங்கே கத்தி உண்டு, பலகை உண்டு, மனித உடம்புதான் கிடையாது.

அக்கா துப்பறியத் தொடங்கினாள். முதல் குற்றவாளி துணி. நாத்தனாரின் துணியைத் தான் எடுத்துக்கொண்டு, தன்னுடையதை அந்தப் பக்கம் கொடுத்தாள்; பயனில்லை. இரண்டாவது அடுப்பு. அதை இழுத்து நடுவில் வைத்தாள்; அதிலும் பயனில்லை. வைத்தியர் அம்மா ஒரு நீளக் கம்பி வெப்பமானியை நீட்டினார். அது எண்ணெயின் சூட்டைச் சொன்னது. கிழியில் குத்தினாலோ, யோசித்து முடிவுக்கு வருவதற்குள் கிழி ஆறிப்போனது. மூன்றாவது குற்றவாளி நாத்தனார்.

"நீ வேணும்னே ஆறவிட்டு வைக்கிற. அதனாலதான் என் பக்கம் சூடாத் தெரியுது."

"சரி, இடம் மாறுவோம் அண்ணி. நீங்க இந்தப் பக்கம் வாங்க."

மாறினார்கள். அன்று படுத்திருந்த தையல் டீச்சர் ஐந்தாம் நிமிஷத்தில், "இடது பக்கம் கொஞ்சம் காந்துதும்மா," என்றார். கோடைக்காலம் அக்காவோடு நடந்து மேசையின் மறுபக்கம் போயிருந்தது.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் தன் குழந்தையைத் தூக்கி வந்தாள். அக்கா அதன் நெற்றியில் மணிக்கட்டை வைத்தாள். "ஒண்ணுமில்ல, பல்லு முளைக்குது. போய்த் தூங்க வை."

அரை மணியில் அந்தப் பெண் திரும்பி வந்தாள். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. நூத்தி ரெண்டு காட்டுது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம். உங்களுக்குத்தான் உடம்பு சரியில்லையோன்னு கேக்க வந்தேன்."

அக்கா கதவைச் சாத்திவிட்டு நெடுநேரம் தன் இடது கையைப் பார்த்தாள். பிறகு கணவரைக் கூப்பிட்டாள். கண்ணாடிக் கடையில் வெட்டும் வேலை செய்கிறவர்; எதையும் அளந்து பார்க்காமல் நம்பாதவர்.

"என்னங்க, ஒரு டம்ளர்ல வெந்நீர், ஒரு டம்ளர்ல பச்சத்தண்ணி. நான் கண்ணை மூடிக்கிறேன். மாத்தி மாத்தி என் மணிக்கட்டுல வைங்க."

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நீ கேட்ட முதல் நியாயமான ஆசை இதுதான்," என்றார்.

வைத்தார். "சூடு," என்றாள். "பச்சத்தண்ணி," என்றார் அவர். மறுபடி வைத்தார். "ஜில்லுனு இருக்கு," என்றாள். அவர் அவள் கை மேலிருந்த வெந்நீர் டம்ளரை எடுத்துத் துணியால் துடைத்தார்.

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வந்ததோ ஆர்வம். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது இது? ஒரு ஸ்பூனைச் சுடுநீரில் தோய்த்துக் கையில் வைத்து வைத்துப் பார்க்க, சூடு தெரியத் தொடங்கும் இடத்தில் எல்லாம் கணவர் பேனாவால் புள்ளி வைத்தார். புள்ளிகளை இணைத்தபோது மணிக்கட்டின் மேல் முட்டை வடிவத்தில் ஒரு தீவு. ஊசியால் குத்தினால் வலித்தது. சூடு மட்டும் அங்கே கரையேறவில்லை. பதினேழு வருஷக் கிழிகள் தொட்டுத் தொட்டு மரத்துப்போன இடம்.

"வலது மணிக்கட்டு இருக்கே," என்றார் கணவர்.

அவரையே குப்புறப் படுக்கவைத்து அதையும் பார்த்தாள். வலது மணிக்கட்டில் தொட, கிழி இடக்கைக்குப் போக வேண்டும். இடக்கையோ தட்டச் சொன்னால் அடித்தது, தேய்க்கச் சொன்னால் பிறாண்டியது. கணவர் முதுகைத் தடவிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பல் டாக்டர் வரும் நாள் காலையில் சோப்புப் போட்டுப் பேனாக் கோட்டைத் தேய்த்தாள். பாதி அழிந்தது. அடுப்பு, மூலை, காற்றோட்டம் என்று ஏதாவது காரணம் சொல்லிவிடலாம். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஆனால் அடுத்த தோள் கொப்புளித்தால்? தேய்ப்பதை நிறுத்தினாள். அப்படியே போய் வைத்தியர் அம்மாவின் முன் கையை நீட்டினாள்.

"குற்றவாளி கிடைச்சாச்சும்மா."

அம்மா அந்தத் தீவை நெடுநேரம் ஆராய்ந்தார்; ஊசி, பஞ்சு, ஐஸ் எல்லாம் வைத்துப் பார்த்தார். "நரம்பு டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடுங்க. இப்ப வேலைக்கு என்ன செய்யப்போறீங்க?"

பின்னால் நின்றிருந்த நாத்தனார்தான் கையை முன்னால் நீட்டினாள்.

"மெழுகுக் கை ஒண்ணு இருக்கு அண்ணி, பாத்து உபயோகிங்க."

டாக்டர் வந்தார். அக்கா எதையும் மறைக்காமல் சொன்னாள். அவர் தோளைத் தொட்டுக்கொண்டார். ஓடிவிடுவாரோ என்றுகூடத் தோன்றியது.

"சுட்டா நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே டாக்டர்?"

"எனக்கு வெட்கமா இருந்துச்சு."

"உங்க நாற்காலியில வாயைத் திறந்துக்கிட்டு இருக்கறவங்க எப்படிச் சொல்லுவாங்க?"

"கையைத் தூக்கச் சொல்லுவேன்."

"அப்ப நீங்களும் தூக்குங்க."

படுத்தார். அக்கா வாணலியிலிருந்து கிழியை எடுத்து, அவர் முதுகுக்கு மேலே நீட்டி, நாத்தனாரின் மணிக்கட்டில் வைத்தாள். "ஸ்ஸ்." காத்திருந்து மறுபடி வைத்தாள். "இன்னும் கொஞ்சம்." மூன்றாம் முறை அவள் தலையசைத்தாள். அதன்பின் கிழி வலது தோளில் இறங்கியது. தட்டித் தட்டி, ஆற ஆற அழுத்தி, அடுத்த கிழி, மறுபடி அந்த மணிக்கட்டு. வைத்தியர் அம்மா வாசலில் கைகட்டி நின்றார்.

பத்தாம் நிமிஷம் டாக்டரின் வலது கை மேலே எழுந்தது.

அக்கா கிழியைச் சட்டென்று தூக்கினாள். நாத்தனார் முகம் வெளுத்தது. அம்மா உள்ளே இரண்டு எட்டு வைத்தார்.

"சுடுதா டாக்டர்?"

தலையணைக்குள்ளிருந்து குரல் வந்தது. "இல்ல. அதே இடத்துல இன்னும் கொஞ்ச நேரம் வைப்பீங்களான்னு கேக்கத்தான்..."

அக்கா கிழியை மறுபடி வைத்தாள். அதன் கீழே தோள் இளகத் தொடங்கியிருந்தது. வைத்தியர் அம்மா ஓசைப்படாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.