கம்பளி போர்த்திய பெட்டி

என் மனைவி ராசம்மாவை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில், ஒரு மாலை நேரம். கட்டிலுக்குப் பக்கத்தில் நான் உட்காருவதற்குள்ளேயே, "பெட்டிய அணைச்சிட்டுத்தானே வந்தீங்க?" என்று கேட்டாள். அணைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆனாலும் பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் நான் போய்ச் சேருவதற்குள் அவள் போய்விட்டாள்.

வீட்டில் ஆம்பிளிஃபயர் கட்டுகிறவர்களுக்கு அந்தச் சந்தேகம் புரியும். நம்முடைய தொழிலில் பாட்டு இரண்டாவதுதான். முதல் வேலை சூட்டோடு மாரடிப்பது. சூடு ஏறினால் டிரான்சிஸ்டர் கரண்டை இன்னும் கொஞ்சம் இழுக்கும். இழுத்தால் இன்னும் சூடாகும். புருஷன் பெண்டாட்டி சண்டை மாதிரிதான். யாராவது ஒருவர் எழுந்து வெளியே போகாவிட்டால் ஏதாவது உடையும்.

நான் மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சாலையில் மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தேன். பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்கவில்லை. ஈப்போவில் வாங்கிய பழைய ரேடியோ புத்தகங்களில் படத்தைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் எல்லாம். எழுபதுகளின் நடுவில் எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது: எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் காலை முதல் மாலைவரை நிற்காமல் பாடுகிற ஒரு பெட்டியை என் கையால் கட்ட வேண்டும்.

குளிர் ஊர்க்காரனின் தைரியம்

புத்தகத்தில் டிரான்சிஸ்டர்களைப் பெரிய அலுமினியத் தகட்டின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். அந்தத் தகட்டில் சீப்பின் பற்கள் மாதிரி வரிசையாக இதழ்கள் இருந்தன. அதன் பெயர் ஹீட் சிங்க். டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடுவது அதன் வேலை. இதெல்லாம் கோலாலம்பூர் வெயிலில் இருக்கிறவனுக்கு என்று நான் நினைத்தேன். வாயைத் திறந்தால் புகை வருகிற மலையில் எது சூடாகப் போகிறது? பிஸ்கட் டின்னில் ஒரு துண்டு வெட்டி, இரண்டு டிரான்சிஸ்டரையும் அதில் முடுக்கிவிட்டேன்.

கோயில் தலைவர் முனியாண்டி கங்காணி வீட்டுக் கல்யாணத்தில் இசைத்தட்டு போட்டு அதை முதல்முறை பாட வைத்தேன். முதல் பாட்டு ஜோராகப் போனது. இரண்டாவது பாட்டில் ஒரு தீய்ந்த வாடை. பாயசம் அடிப்பிடித்துவிட்டது என்று நாலைந்து பெண்கள் சமையல் கொட்டகைக்கு ஓடினார்கள். அவர்கள் திரும்பி வருவதற்குள் பாட்டு நின்றுவிட்டது. கங்காணி என் தோளில் கை வைத்தார்.

"பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. வாசனைதான் கொஞ்சம் தூக்கல்."

ராசம்மா விட்ட சவால்

அதற்கப்புறம் நடந்த கோயில் கூட்டத்தில், இந்த வருஷத் திருவிழாவுக்கு மலையடிவாரத்துத் தாப்பாவிலிருந்து வாடகைக்குப் பாட்டு செட் கொண்டு வரலாம் என்றார் கங்காணி. நான் பின்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. நான் நிமிராமலே அது யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"தாப்பாவுக்கு எதுக்கு லோரி அனுப்பணும்? எங்க வீட்டுக்காரர் பெட்டி பாடும். ரதம் சுத்திட்டு வர்ற வரைக்கும் பாடும். நடுவுல நின்னுச்சுன்னா அதுக்கப்புறம் இந்தக் கோயில்ல நான் வாயத் திறக்கல, போதுமா?"

எல்லோரும் கங்காணியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஏனென்றால் வெள்ளிக்கிழமை பூஜையில் அம்மன் பாட்டுக்கு முதல் அடி எடுத்துக் கொடுப்பவள் ராசம்மாதான். அவள் எடுத்தால்தான் மற்றவர்கள் தொடருவார்கள். சொன்னதை மாற்றிக்கொள்கிற பழக்கமும் அவளிடம் கிடையாது. கூட்டம் கலைந்ததும் கங்காணி என்னைத் தேடி வந்தார். வருகிற வெள்ளிக்கிழமை பூஜையில் பெட்டியைச் சோதித்துப் பார்க்கலாம் என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பெட்டிய ஒழுங்கா கட்டுப்பா. உன் சம்சாரம் வாய மூடிட்டா அப்புறம் யாரு பாடுறது? நானா?"

சட்டி மூடி

அன்று முதல் என் கண்ணுக்கு அலுமினியம் மட்டும்தான் தெரிந்தது. ஹீட் சிங்க் விலைக்குக் கிடைக்கிற இடம் மலைக்குக் கீழே இருந்தது. சோறு வடிக்கிற சட்டியின் மூடி அடுப்பங்கரையிலேயே இருந்தது. கனமான மூடி, துளை போட்டபோது வெண்ணெய் மாதிரி இறங்கியது. டிரான்சிஸ்டரை அதில் முடுக்கிப் பார்த்தேன். பிஸ்கட் டின்னுக்கு எவ்வளவோ தேவலை.

மத்தியானம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த ராசம்மா, அடுப்புக்குப் பக்கத்தில், கட்டிலுக்கு அடியில், கோழிக் கூண்டில் என்று எல்லா இடத்திலும் மூடியைத் தேடினாள். கடைசியில் என் மேசைக்கு வந்தாள். மூடி கிடந்த நிலையை ஒரு பார்வை பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று நான் சால்டரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டேன்.

"சரி. பாட்டு வெந்ததும் கூப்பிடுங்க, வந்து வடிச்சு விடுறேன்."

டிரஸர் கொடுத்த களிம்பு

மூடி போதவில்லை. துரை பங்களாவில் பழைய அலுமினிய சன்னல் சட்டங்களைக் கழற்றிக் குப்பையில் போட்டிருந்தார்கள். கேட்டு வாங்கி வந்து, அறுத்து, வரிசையாக அடுக்கி, இதழ் இதழாக ஒரு ஹீட் சிங்க் செய்தேன். டிரான்சிஸ்டருக்கும் அலுமினியத்துக்கும் நடுவில் கரண்ட் தாண்டாமல் இருக்க மைக்கா ஏடு வேண்டும். அது செத்துப்போன இஸ்திரிப் பெட்டிக்குள் கிடைத்தது. அடுத்து, இடுக்கில் காற்று நிற்காதபடி பூசுவதற்கு ஒரு வெள்ளைப் பசை வேண்டும். அதுவும் ஈப்போவில்தான்.

தோட்டத்து மருந்தகத்தில் அரிப்புக்குத் தடவுகிற வெள்ளைக் களிம்பு ஞாபகத்துக்கு வந்தது. இரண்டுக்கும் துத்தநாகம்தான் மூலம் என்று ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். மருந்தகத்துக்குப் போனேன். அங்கே காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரஸர்தான் எங்களுக்கு டாக்டர் மாதிரி. சட்டையைக் கழற்றச் சொன்னார்.

"எங்க அரிக்குது?"

"எனக்கு இல்லீங்க சார். பெட்டிக்கு."

மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எதற்கு என்று விளக்கினேன். ஒரு சின்ன டப்பாவில் வழித்துக் கொடுத்தார். மற்ற நோயாளிகளிடம் சொல்வது போலவே என்னிடமும் சொன்னார்.

"மெல்லிசா தடவு. ஒரு வாரத்துல குணமாகலன்னா நேர்ல கூட்டிட்டு வா லா, பாத்துடுவோம்."

கம்பளி

சோதனை வெள்ளிக்கிழமை வந்தது. நல்ல பனிமூட்டம். பெட்டியைக் கோயில் மண்டபத்தில் ஒரு மேசையின் மேல் வைத்து ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, ஒலிபெருக்கியின் வாயைத் திருப்புவதற்காக மரத்தில் ஏறினேன். பாட்டு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு தொண்டை கட்டினது போல ஆனது. பிறகு நின்றது.

இறங்கி வந்து பார்த்தால், மேசையின் மேல் பெட்டியைக் காணோம். ஒரு சாம்பல் நிறக் கம்பளி மூட்டைதான் இருந்தது. நாலு பக்கமும் நன்றாகச் செருகி, காற்றுப் போகாதபடி கட்டியிருந்தார்கள். செய்தவர் அய்யாக்கண்ணு. பூசாரிக்கு உதவியாகக் கோயிலிலேயே இருப்பவர். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனிதர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் மலையில் தோசை மாவுப் பானைக்குக்கூடக் கம்பளி சுற்றினால்தான் மாவு புளிக்கும். பனி இறங்கினால் எதையாவது போர்த்துவது எங்கள் எல்லோருக்கும் கை பழகிய காரியம். நல்லவேளை, பியூஸ் போட்டிருந்தேன். அது மட்டும்தான் போயிருந்தது. பெட்டிக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மர் கரண்டில் லேசாக அதிரும். அதைத்தான் அவர் தப்பாக எடுத்துக்கொண்டிருந்தார்.

"தொட்டுப் பாத்தேன்ப்பா, கிடுகிடுன்னு நடுங்குச்சு. பச்சப்புள்ள மாதிரி. மனசு கேக்கல, போத்தி விட்டேன்."

கொழுந்து வாட்டுகிற மாடி

தாப்பாவுக்குச் சொல்லி அனுப்பட்டுமா என்று கங்காணி கேட்டார். கம்பளியின் மேல் பழியைப் போட்டுவிட்டு வந்தேனே தவிர, கம்பளி இல்லாமலும் பெட்டி அதிகமாகத்தான் சுட்டது என்று எனக்குத் தெரியும். நம்மிடம் இருக்கிற சோதனை விரல்தான். தகட்டில் விரலை வைத்து, மாரியம்மா தாயே என்று நிதானமாகச் சொல்லி முடிக்கும்வரை தாங்க வேண்டும். எனக்கு மாரி என்பதற்குள் விரல் வந்துவிடும்.

ராசம்மா பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். சவாலைப் பற்றி வீட்டில் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அந்த வாரம் வேலை செய்யும்போது வழக்கமாக முணுமுணுக்கிற பாட்டை அவள் முணுமுணுக்கவில்லை. அதை நான் கவனித்தேன். கல்யாணமான புதிதில் அவள் தொழிற்சாலையில் கொழுந்தைக் காற்றாட விட்டு வாட்டுகிற மாடியில் வேலை பார்த்தவள். கொஞ்ச நேரம் பெட்டியைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, கொழுந்தப் பலகை மேல கொட்டியா வாட்டுவாங்க? வலை மேலதானே பரப்புவாங்க? கீழேருந்து காத்து வர வேணாமா இதுக்கு?"

அந்த மாடியின் விசிறி மோட்டாருக்கு தினமும் எண்ணெய் போடுகிறவன் நான். பெட்டியில் இதழ்களைப் படுக்க வைத்து, அடியையும் பலகையால் மூடியிருந்தேன். சூடான காற்று மேலே போக வழியில்லை; குளிர்ந்த காற்று உள்ளே வரவும் வழியில்லை. இதழ்களைச் செங்குத்தாகத் திருப்பி வைத்தேன். அடிப்பலகையிலும் மேல்பலகையிலும் வரிசையாகத் துளை போட்டு, கீழே இரண்டு செங்கல் கொடுத்துத் தூக்கி நிறுத்தினேன். விசிறியே தேவைப்படவில்லை. சூடு மேலே ஏறும்போது அதுவே கீழேயிருந்து குளிர்காற்றை இழுத்துக்கொண்டது. ஒரு மத்தியானம் முழுக்கப் பாட விட்டு, ராசம்மாவைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். உள்ளங்கையையே வைத்தாள், எடுக்கவில்லை.

"மாவு புளிக்கிற சூடுதான் இருக்கு."

கணப்பு

எங்கள் தோட்டத்தில் ரதம் பகலில்தான் புறப்படும். மாலையில் பனி இறங்கிவிட்டால் பாதை தெரியாது. திருவிழாவன்று காலையிலிருந்தே தூறல். பெட்டி மண்டபத்துக்குள் பாட ஆரம்பித்தது, பாடிக்கொண்டே இருந்தது. அய்யாக்கண்ணு ஒரு குச்சியை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஒரு பெண் தன் பிள்ளையின் ஈரச் சட்டையை மேல் துளைகளின் மீது காயப் போட வந்தாள். "எடு எடு! மூச்சு முட்டும் அதுக்கு!" என்று அவளை விரட்டிவிட்டார். ஆனால் கை காட்டிக் குளிர் காய வந்தவர்களை நாங்கள் தடுக்கவில்லை. நனைந்து வந்தவர்களெல்லாம் பெட்டியைச் சுற்றி நின்று உள்ளங்கையை நீட்டிக்கொண்டார்கள்.

ரதம் தொழிலாளர் குடியிருப்பு லயங்களைச் சுற்றிவிட்டுக் கோயில் வாசலுக்கு வந்தபோது நான் மைக்கை ராசம்மாவிடம் கொடுத்தேன். அவள் அதுவரை மைக்கில் பாடியதில்லை. முதல் அடியில் தன் குரலைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு நிறுத்திவிட்டாள். எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பெட்டியில் விரலை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி எடுத்தாள். எதிர்மலைக் காய்கறித் தோட்டத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்த சீனர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அவ்வளவு தூரம் போனது அந்தக் குரல். முனியாண்டி கங்காணி பெட்டிக்கு மேலே கையை நீட்டிக் குளிர் காய்ந்துகொண்டே என்னிடம் சொன்னார்.

"தாப்பாவுலேருந்து கொண்டு வந்திருந்தா வெறும் பாட்டுதான் வந்திருக்கும் தம்பி. இது கணப்பும் போடுதுல்ல."

அதற்குப் பிறகு பல வருஷங்கள் அந்தப் பெட்டிதான் திருவிழாவில் பாடியது. ராசம்மாவும் அதில் பாடினாள். எண்பதுகளின் கடைசியில் அவள் போன பிறகு, கோயிலில் உள்ளேயே விசிறி ஓடுகிற புது செட் ஒன்றை வாங்கினார்கள். என் பெட்டி வீட்டிலேயே தங்கிவிட்டது. அதில் பழுது ஒன்றும் இல்லை. லெட்சுமி என்று ஒரு பெண், ராசம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுத்தவள், ஒருநாள் வந்து, அக்கா பாடினது எதிலாவது இருக்கிறதா, கேட்க ஆசையாக இருக்கிறது என்றாள்.

ஆம்பிளிஃபயர் குரலைப் பெரிதாக்கும், வைத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் ரெக்கார்டர் இருந்ததே இல்லை.