லக்ராஸ் களத்தில் அசையாமல் நின்றவள்

கதவு தட்டுகிற சத்தத்துக்கும் சுவரில் பந்து மோதுகிற சத்தத்துக்கும் இங்கே வந்த முதல் கோடையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. சாயங்காலம் ஆனால் டொம், டொம் என்று கேட்கும். யாரோ வந்திருக்கிறார்கள் என்று துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போய்த் திறந்தால் வாசலில் ஈ காக்கை இருக்காது. டொரான்டோவுக்கு வடக்கே ஒரு சிறிய ஊர் இது. கணவருக்குத் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். நானும் மகள் கயலும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பிறகுதான் தெரிந்தது, பக்கத்து வீட்டுப் பெண் தன் கராஜ் சுவரில் ரப்பர் பந்தை எறிந்து, திரும்பி வருவதை ஒரு கம்பால் பிடித்துக்கொண்டிருக்கிறாள். கம்பின் நுனியில் சின்னதாக ஒரு வலை. பேரிக்காய் பறிக்க நாம் கம்பு நுனியில் பை கட்டுவோமே, கிட்டத்தட்ட அதுதான்.

அந்த விளையாட்டின் பெயர் லக்ராஸ். புதிதாக வருகிற நம்மவர்கள் யாராவது கேட்டால் சொல்வதற்கு இப்போது எனக்கு நிறைய இருக்கிறது. ஊர்ச் சமூகக் கூடத்தில் ஆரம்ப வகுப்பு இலவசம். ஹெல்மெட்டும் கம்பும் அவர்களே இரவல் தருவார்கள். முதலில் மெத்தென்ற பந்துதான். விதிகள் புரியாவிட்டால் கோல் வலைக்குப் பின்னாலுள்ள இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள், ஆட்டம் உங்களை நோக்கி வருவதால் சீக்கிரம் பிடிபடும். எல்லாவற்றையும்விட சுவர்தான் நல்ல வாத்தியார். எத்தனை தடவை தவறவிட்டாலும் சிரிக்காது. குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி ஆடும் அரங்கில், கோடையில் ஐஸ் உருகியபின் மிஞ்சும் சிமெண்ட் தரையில்தான் ஆட்டம். கயலைச் சேர்த்த முதல் நாளே பயிற்சியாளர் மெலிசா, இது இந்த மண்ணின் ஆதிகுடிகளின் விளையாட்டு, நாமெல்லாம் விருந்தாளிகள் என்றார். நேற்று வந்த நான் பலமாகத் தலையாட்டினேன்.

கயலுக்குக் கை நன்றாக வந்தது. சிக்கல் முதல் போட்டியில்தான் தெரிந்தது. பந்து அவள் வலையில் விழுந்தது. எதிரணிப் பெண்கள் இருவர் அவளை நோக்கி ஓடிவந்தார்கள். கயல் நின்றுவிட்டாள். கண்கூட இமைக்கவில்லை. ஒருத்தியின் தோள் மோதி விழுந்தாள். ஹெல்மெட் சிமெண்டில் இடித்த சத்தம் என் இருக்கை வரை கேட்டது. அடுத்த போட்டியிலும் அதே கதை. "பந்து கிடைத்ததும் ஏன் நின்றுவிடுகிறாள்?" என்று மெலிசா கேட்டார். எனக்குக் காரணம் தெரியும். அதைச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான்.

மலையிலிருக்கும் எங்கள் ஊர் பள்ளங்கியில் பூண்டு வயலுக்குக் காட்டுமாடு இறங்கும். எங்கள் பிள்ளைகள் எழுத்து கற்பதற்கு முன்பே அதைக் கற்றுக்கொள்வார்கள்: ஓடக்கூடாது, கத்தக்கூடாது, முதுகைக் காட்டக்கூடாது. அசையாமல் நின்றால் பார்த்துவிட்டுப் போய்விடும். கயல் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடப் பாதையின் திருப்பத்தில் ஒன்று எதிரே வந்துவிட்டது. அதன் மூச்சு எங்கள் முகத்தில் பட்டது. அவள் மணிக்கட்டை நகம் பதிய அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்று பிழைத்ததே நின்றதால்தான். அந்தப் பயம் அவள் காலிலேயே தங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், எங்கள் மலையில் பெரிய பைசன் வரும், வந்தால் நிற்போம் என்று மெலிசாவிடம் விளக்கினேன். அவர் என் தோளைத் தட்டி, "பயப்படாதீர்கள், இந்த வட்டாரத்திலேயே பைசன் கிடையாது," என்றார். அதற்குமேல் விளக்க என்னிடம் ஆங்கிலம் இல்லை.

காரில் ஏறியதும், "போதும் கயல், இனிமே இந்த ஆட்டம் வேணாம்," என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடி, "ஸ்கூல்ல என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுறது இந்த டீம்ல இருக்கிறவங்க மட்டும்தாம்மா," என்றாள். மண்டை உடைவது ஒரு பயம்; பிள்ளை தனியாகப் போய்விடுவது இன்னொரு பயம். இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

பழைய கம்பு ஒன்று வாங்கினேன். பின்முற்றத்தில் அவள் பந்தோடு நிற்பாள், நான் "ஓடு, நிக்காத!" என்று கத்திக்கொண்டே பாய்வேன். பிறகு பந்து என்னிடம், பாய்வது அவள். ஜட்கா குதிரை மாதிரி மூச்சு வாங்க நானும் ஓடினேன். முழங்காலெல்லாம் சிராய்ப்பு. அடுத்த ஆண்டு ஒரு போட்டியில், மோத வந்தவளை விட்டு விலகிக் கயல் சிட்டாய்ப் பறந்தபோது அரங்கம் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

இந்த விடுமுறைக்குப் பள்ளங்கி போயிருந்தோம். தம்பி முத்துவேல் வீட்டில் தங்கல். வெள்ளனே எழுந்து கயல் வயலோரத் தண்ணீர்த் தொட்டிச் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தாள். நான் கொஞ்சம் தள்ளி நின்று பல் துலக்கிக்கொண்டிருந்தேன். பனிக்குள்ளிருந்து காட்டுமாடு ஒன்று பூண்டுப் பாத்தியில் இறங்கி, எங்கள் இருவரையும் பார்த்தபடி நின்றது. மேல்வயலிலிருந்து முத்துவேலின் குரல் தாழ்ந்து கேட்டது: "பாப்பா, அசையாத. அப்படியே நில்லு."

அவள் காலிலிருந்து அந்தப் பழக்கத்தை விரட்டியது நான். இப்போது ஓடுவாள், அது முட்டித் தூக்கிவிடும். நில் என்று கத்த வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை.

அடுத்து எனக்கு நினைவிருப்பது, வயலோரக் கல்சுவரைத் தாண்டிப் பாதைப் பக்கம் விழுந்து கிடந்ததுதான். செருப்பைக் காணோம். உள்ளங்கையில் ரத்தம். ஓடியவள் நான். கயல் கம்பைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். காட்டுமாடு அவளைப் பார்த்தது, நான் விழுந்த பக்கம் பார்த்தது, பிறகு நிதானமாகச் சோலைக்காட்டுக்குள் ஏறிப் போய்விட்டது.

முத்துவேல் ஓடிவந்தான். "என்னக்கா இது! இந்த ஊர்ல பொறந்துட்டு நீ போயி ஓடலாமா? அது உன் பின்னாடி திரும்பியிருந்தா, நடுவுல நின்ன புள்ள கதி என்ன?" என்றான்.

கயல் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள். "அங்க ஓடணும், இங்க நிக்கணும். அவ்வளவுதானேம்மா, இதுல என்ன இருக்கு?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையை நீட்டினாள். அவள் கையைப் பிடித்துச் சுவர்மேல் ஏறினேன். இறங்கத்தான் முடியவில்லை. ஒரு கால் வயல் பக்கமும் ஒரு கால் பாதைப் பக்கமுமாகத் தொங்க, அவள் கையை விடாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.