குழாயக்கா வாங்கிய டிஜிட்டல் டைரி

பிளம்பரை வரச் சொன்ன வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றால், கதவைத் திறப்பவர்கள் முதலில் அவருக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பார்கள், வேறு யாராவது வருகிறார்களா என்று. குழாயக்கா அதைக் கண்டுகொள்வதில்லை. கருவிப் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, "எந்தப் பக்கம் ஒழுகுது?" என்று கேட்டபடி நேரே உள்ளே போய்விடுவார். ஒருமுறை அவர் வேலை பார்த்த வீட்டில் அடுத்த முறை யாரும் எட்டிப் பார்த்தது கிடையாது. அவருடைய சொந்தப் பெயர் மாமியாருக்கே மறந்துபோயிருக்கும். அந்த வட்டாரத்துக்கு அவர் குழாயக்காதான்.

அவர் எதையும் எழுதி வைத்துக்கொண்டதில்லை. யார் வீட்டுக்கு எப்போது வருவதாகச் சொன்னோம், எந்தச் சமையலறையில் என்ன அளவு வாஷர் போட்டோம், எந்தக் கட்டடத்தில் வால்வு முரண்டு பிடிக்கும், எல்லாம் தலைக்குள் இருந்தது. பஸ் ஓட்டுநரான கணவர் கிண்டல் செய்வார். "என் பிறந்தநாள் மட்டும் உனக்கு ஞாபகம் இருக்காது. ஊர்ல இருக்கிற ஓட்டைக் குழாய் அத்தனையும் இருக்கும்."

"நீங்க ஒழுக ஆரம்பிச்சா உங்களையும் ஞாபகம் வச்சுக்கறேன்" என்பார் இவர்.

அந்தத் தலைக்குத்தான் வந்தது மூளைக்காய்ச்சல். ஆஸ்பத்திரிப் படுக்கையில் பல வாரம் கண் திறக்காமல் கிடந்தார். பிழைத்து எழுந்ததே பெரிய விஷயம் என்றார்கள். வீட்டுக்கு வந்தபோது பழையது எல்லாம் அப்படியே இருந்தது. கல்யாணத்தன்று கணவர் போட்டிருந்த சட்டையின் நிறத்தைக்கூடச் சொன்னார். ஸ்பேனரைக் கையில் கொடுத்தால் விரல்கள் தாமாக வேலை பார்த்தன. புதிதாக எதுவும்தான் ஒட்டவில்லை. காலையில் சொன்னது மதியத்துக்குள் வழுக்கிக்கொண்டு போய்விடும். "இது கொஞ்சம் கொஞ்சமா தேறலாம். எவ்வளவு தேறும்னு இப்ப சொல்ல முடியாதும்மா" என்றார் டாக்டர்.

உடம்பில் தெம்பு வந்ததும் குழாயக்கா யாரையும் கேட்காமல் வேலைக்குக் கிளம்பினார். கடைத்தெருவில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று. மேல்மாடி வீட்டில் குழாய் மாற்ற வேண்டும். கீழ்த்தளத்தில் கட்டடத்துக்கே பொதுவான வால்வு இருந்தது. நீளமான இரும்புச் சாவியைச் செருகித் திருகினால்தான் அது மூடும். மூடினார், மேலே போனார், குழாயை அழகாக மாற்றினார். வேறு வழியாக இறங்கி, வால்வைத் திறக்காமலே வீட்டுக்கு வந்துவிட்டார்.

முதல் மாடியில் ஒரு பல் டாக்டரம்மாவின் கிளினிக். அந்த நேரம் பார்த்து ஒருவருடைய வாயில் பல் அச்சு எடுக்கும் பசையை அப்பி வைத்திருந்தார். அச்சை எடுத்துவிட்டு வாய் கொப்பளிக்கச் சொன்னால் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அந்த மனிதர் உதட்டிலும் மீசையிலும் ரோஸ் நிறப் பசையோடு வரவேற்பறையில் உட்கார்ந்து மூக்கால் கோபப்பட்டுக்கொண்டிருந்தார். டாக்டரம்மா போன் செய்தார். குழாயக்கா ஓடிப் போய் வால்வைத் திறந்தார். ஆனால் திறக்கும்போதுகூட அதைத் தான்தான் மூடினோம் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை. அதுதான் அவரை உடைத்துப் போட்டது.

"போதும். வீட்டுல இரு. என் சம்பளத்துல நாம ரெண்டு பேரும் சாப்பிடலாம்" என்றார் கணவர். அன்பாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு குழாயக்கா பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சமையலறைக் குழாயைப் பிரிப்பார், மாட்டுவார், மறுபடி பிரிப்பார்.

இதைப் பார்க்கப் பொறுக்காதவர் நாத்தனார், அதாவது கணவரின் தங்கை. மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. அங்கே விற்பனையாளர்கள் உள்ளங்கை அளவுக் கருவி ஒன்றைப் பையில் வைத்திருப்பார்கள். டிஜிட்டல் டைரி என்பார்கள். யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று பதிந்து வைத்தால் அந்த நேரத்துக்குச் சத்தம் போட்டுக் கூப்பிடும்.

"உங்களுக்கும் ஒண்ணு வாங்குவோம் அண்ணி" என்றார்.

"பதியணும்ங்கிறதையே இவ மறந்துட்டா?" என்று கேட்டார் கணவர்.

குழாயக்கா ஜன்னலை விட்டு எழுந்தார். "போய்ப் பாத்துட்டாவது வருவோம். பாக்கறதுக்குமா ஞாபகம் வேணும்?"

கடைக்காரர் நல்ல வாய்க்காரர். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, வெள்ளி நிற மூடி போட்ட மெல்லிய டைரி ஒன்றை எடுத்து நீட்டினார். "இதுல உலகத்துல எந்த ஊர் மணியும் பாக்கலாம் மேடம்."

"எனக்கு இந்த ஊர் மணி போதும். இது எப்படிக் கத்தும்?"

கத்தவைத்துக் காட்டினார். குருவிக் குஞ்சு மாதிரி நாலு தடவை கீச்சிட்டுவிட்டுத் தானாக அடங்கியது.

"ஏன் நின்னுடுச்சு?"

"கொஞ்ச நேரத்துல நின்னுடும் மேடம். தொந்தரவு இருக்காது."

"எனக்குத் தொந்தரவுதாங்க வேணும்" என்றார் குழாயக்கா. நாத்தனார் சிரித்துவிட்டார். கடைக்காரருக்கு விஷயம் புரியவில்லை. குழாயக்கா மறைக்காமல் சொன்னார். "காய்ச்சல் வந்து எனக்கு ஞாபகம் கெட்டுப்போச்சு. நான் பொத்தானை அழுத்துற வரைக்கும் அது அடிச்சுக்கிட்டே இருக்கணும். எதுக்கு அடிக்குதுன்னும் எழுத்துல காட்டணும்."

கடைக்காரர் வெள்ளி மூடி டைரியை உள்ளே வைத்துவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து சில பெட்டிகளை இறக்கினார். ஒன்றில் எழுத்து கடுகு கடுகாக இருந்தது. இன்னொன்றைக் குச்சிப் பேனாவால்தான் தொட வேண்டும். "அந்தக் குச்சியை எங்க வச்சேன்னு தேடறதுக்கு இன்னொரு டைரி வாங்கணும்" என்று குழாயக்கா ஒதுக்கினார். கடைசியாக வந்தது சாம்பல் நிறத்தில், சோப்புக் கட்டி மாதிரி தடிமனாக, பெரிய பொத்தான்களோடு இருந்தது. கடையின் பின்பக்கம் கை கழுவும் தொட்டி இருந்தது. குழாயக்கா அந்தக் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, டைரியைப் பக்கத்தில் வைத்து அடிக்கவிட்டார். தண்ணீர்ச் சத்தத்தையும் மீறி அது அலறியது. அணைக்கும்வரை விடவில்லை.

"இதுதான்" என்றார்.

பேட்டரி மாற்றினால் பதிந்தது அழிந்துவிடுமா என்று நாத்தனார் கேட்டார். உள்ளே இன்னொரு சின்ன பேட்டரி இருக்கிறது, அது காப்பாற்றும் என்றார் கடைக்காரர். அடுத்தது உறை.

அங்கேதான் குழாயக்கா தடுமாறினார். சிவப்புத் தோலில் ஓர் உறை இருந்தது. அழுத்து பொத்தான் வைத்து, விளிம்பில் தையலோடு, கைக்கு மெத்தென்று இருந்தது. வியாதி வந்ததிலிருந்து வீட்டுக்கு வந்த பொருளெல்லாம் மாத்திரையும் டானிக்கும்தான். அழகாக எதுவும் வாங்கி எத்தனை காலமாகிவிட்டது! "எடுத்துக்கோங்க அண்ணி, உங்களுக்கு எடுப்பா இருக்கு" என்றார் நாத்தனார். குழாயக்கா அதை மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார். பிறகு மனசில்லாமல் கீழே வைத்தார். தோல் தண்ணீரில் ஊறினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா?

"படகுல போறவங்க வாங்குற மாதிரி ஒண்ணு இருக்கு. பாக்கத்தான் சுமாரா இருக்கும்" என்று கடைக்காரர் இன்னொன்றைக் கொண்டுவந்தார். உள்ளே இருப்பது தெரியும் தடித்த பிளாஸ்டிக், ஓரமெல்லாம் ரப்பர். உறைக்கு மேலிருந்தே பொத்தானை அழுத்தலாம். மூலையில் உறுதியான வளையம் ஒன்று இருந்தது.

அந்த வளையத்துக்குள் குழாயக்கா விரலை விட்டுப் பார்த்தார். விட்ட விரலை எடுக்கவே இல்லை.

"இதுல என் வால்வுச் சாவியைக் கோத்துடலாம்" என்றார் மெதுவாக. "சாவி இல்லாம நான் வால்வை மூட முடியாது. சாவியைத் தொட்டா இது கையில வந்துடும். உங்க அண்ணன் கேட்டாரே, பதியறதையே மறந்துட்டான்னு. எப்படி மறப்பேன்?"

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னதும் அவர் சாவியை வாங்கி, வளையத்தில் கோத்து, இழுத்துப் பார்த்தார். "சரி. கொஞ்ச நாள் பாப்போம்" என்றார். அந்த டைரியில் தமிழ் வராது. ஆங்கில எழுத்திலேயே தமிழை அடிக்கக் கற்றுக்கொண்டு, அவரே மனைவிக்குத் தினமும் சலிக்காமல் சொல்லிக் கொடுத்தார். காலையில் சொன்னது மாலையில் போய்விட்டாலும், விரல்கள் மெல்லப் பிடித்துக்கொண்டன. ஸ்பேனரைப் போல அதுவும் கைப்பழக்கமாகிவிட்டது.

முதல் வேலைக்குக் குழாயக்கா போனது பல் டாக்டரம்மாவிடம். கிளினிக் தொட்டியின் அடிக்குழாய் அடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டு, தானே போய்க் கேட்டார்.

டாக்டரம்மா தயங்கினார். "கோபமெல்லாம் இல்லக்கா. ஆனா வெளியில ஆளுங்க உக்காந்திருக்காங்க..."

"அன்னைக்கு நடந்தது எனக்கு ஞாபகமில்ல டாக்டரம்மா. எல்லாரும் திரும்பத் திரும்பச் சொல்லித்தான் தெரியும். அதனாலதான் இதை வாங்கியிருக்கேன்" என்று டைரியைக் காட்டினார். டாக்டரம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு வழிவிட்டார்.

குழாயக்கா கீழ்த்தளம் போனார், பொத்தானை அழுத்தி, டைரியில் தயாராக இருந்த வரிகளுக்கு நேரம் பதிந்தார், வால்வை மூடினார். மேலே வந்து தொட்டிக்கு அடியில் படுத்துக் குழாயைக் கழற்றினார். கருகருவென்று அழுக்குத் தண்ணீர் வாளியில் கொட்டியது. எழும்போது முழங்கை தட்டி, தொட்டி விளிம்பில் வைத்திருந்த சாவி டைரியையும் இழுத்துக்கொண்டு வாளிக்குள் விழுந்தது. கைகளில் அழுக்கு, துணியைத் தேடினார், தேடும்போதே குழாயின் திருகு மரை கண்ணில் பட்டது, அதைத் துடைக்க ஆரம்பித்தார். சாவி போன இடம் மனசிலிருந்து நழுவிவிட்டது.

குழாயை மாட்டி முடித்துப் பையைக் கட்டும் நேரத்தில் வாளிக்குள்ளிருந்து அலறல் கேட்டது. டாக்டரம்மா ஓடி வந்தார். "என்னக்கா, வாளிக்குள்ள யார் கத்தறது?"

குழாயக்கா கையை விட்டு எடுத்தார். அழுக்கு வழிந்தது. உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, எழுத்தைக் கூட்டி வாசித்தார். "வால்வைத் திற. திறந்தியா? அப்புறம் வீட்டுக்குப் போ."

"கடைசி வரி எங்க வீட்டுக்காரர் போட்டது" என்றார் குழாயக்கா. டாக்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். குழாயக்காவும் சிரித்தார், சிரித்தபடியே போய் வால்வைத் திறந்தார்.

அந்தக் கட்டடத்தில் எல்லோரும் மறுபடி அவரையே கூப்பிட ஆரம்பித்தார்கள். பிறகு பக்கத்துத் தெருக்காரர்களும். பொருளை விட்டு வருவது உண்டு, ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை போய் நிற்பதும் உண்டு. வால்வைத் திறக்க மறந்து தண்ணீர் நின்றது மட்டும் எங்கேயும் இல்லை.

குளிர்காலம் முடியும் சமயத்தில் ஒரு பேக்கரியில் வேலை. முடித்துவிட்டுக் கீழே போய் வால்வைத் திறந்தார். கையைத் துடைக்கும்போது டைரி அடித்தது. குழாயக்கா அதையும் வால்வையும் மாறி மாறிப் பார்த்தார். யாரும் சொல்லவில்லை, அதுவரை எதுவும் அடிக்கவில்லை, தானாகவே வந்து திறந்திருக்கிறார்!

"போ, முடிச்சாச்சு" என்று அதனிடம் சொல்லி அணைத்தார். அதை வீட்டுக்குப் போய்ச் சொல்ல வேண்டும் என்று டைரியிலேயே பதிந்துகொண்டார்.

கணவர் சாப்பாட்டில் கை வைத்தபடி கேட்டார். "இன்னொரு தடவை சொல்லு." சொன்னார். அவர் தன் தட்டிலிருந்த அப்பளத்தை எடுத்து மனைவியின் தட்டில் வைத்தார்.

மறுநாளும் குழாயக்கா பதிந்துவிட்டுத்தான் வால்வை மூடினார். ஆனால் மணி அடிப்பதற்குள் முந்திவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. சில நாள் டைரி ஜெயிக்கும், சில நாள் அவர் ஜெயிப்பார். ஜெயித்த அன்று அவர் வீட்டுக்கு வரும் நடையிலேயே அது தெரிந்துவிடும்.