முளைக்கு ஊற்றிய உப்பு

அப்பா வெட்டிய இரண்டு கிணறுகளிலும் பாறைதான் கண்டது. மூன்றாவதும் பொய்த்தால் அக்காவின் படிப்பை நிறுத்திப் பட்டாசுக் கம்பெனிக்கு அனுப்புவது என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அக்கா எட்டாம் வகுப்பு. நான் மூன்றாம் வகுப்பு. பெரியவர்கள் குசுகுசுப்பதெல்லாம் என் காதில் மட்டும் தவறாமல் விழுந்துவிடும்.

அதனால், மதுரையிலிருந்து ஒரு ஆபீசர் நீரோட்டம் பார்க்க வந்து, திருத்தங்கல் பக்கத்தில் இருந்த எங்கள் கரிசல் காட்டில் நான்கு இரும்பு முளைகளை வரிசையாக அடித்தபோது நான் அவர் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை. முளைகளிலிருந்து ஒயர்கள் ஒரு பெட்டிக்குப் போயின. பூமிக்குள் கரண்டு விட்டுப் பார்ப்பார்களாம். பாறை என்றால் ஓடாது, ஈரம் என்றால் ஓடும். மண் காய்ந்து கிடந்ததால் முளையைச் சுற்றி உப்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அந்த வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஒரு சொம்பு போதும் என்றார். கரண்டு ஓடினால் கிணறு, கிணறு வந்தால் அக்காவுக்குப் பள்ளிக்கூடம். அவர் குனிந்திருந்த நேரம் பார்த்து, வீட்டிலிருந்து எடுத்து வந்த பானையிலிருந்த உப்பு முழுவதையும் குடத்தில் கரைத்து ஊற்றினேன். ஆபீசர் பெட்டியிலிருந்த முள்ளைப் பார்த்தார். முளைகளைத் தள்ளித் தள்ளி அடித்து மறுபடியும் பார்த்தார்.

"கரண்டு நல்லா ஓடுது. கீழே தண்ணி இருக்கு. ஆனா..." என்றவர், அப்பாவைத் தனியே அழைத்துப் போய் ஏதோ சொன்னார். மாட்டிக்கொண்டேன் என்றே நினைத்தேன். அப்பா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்பா மூன்றாவது கிணற்றையும் வெட்டினார். நாற்பது அடியில் தண்ணீர் வந்தது. அப்பா ஒரு கை அள்ளி வாயில் விட்டார். துப்பவில்லை, மெல்ல விழுங்கினார்.

"எப்பிடிப்பா இருக்கு?" என்றாள் அக்கா. அவளும் குடித்துப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஒரே உப்பு. பாய்ச்சினால் பருத்தி கருகிவிடும். நான் ஊற்றிய உப்புதான் கீழே இறங்கிவிட்டது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை கம்பெனி வண்டி வந்து நின்றது. அக்கா தூக்குச்சட்டியோடு படியிறங்கினாள். என்னால் தாங்க முடியவில்லை. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன்.

"அம்புட்டு உப்பையும் நாந்தாம்ப்பா ஊத்துனேன். அக்கா வேண்டாம்ப்பா, என்னைய அனுப்புங்க."

அடி விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை.

"அழாத தாயி. போயி மூஞ்சியக் கழுவு" என்றார், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு.

அக்காவுக்குக் கல்யாணமான பிறகுதான் அப்பா வாய் திறந்தார். உப்புத் தண்ணீரிலும் கரண்டு அப்படித்தான் ஓடும், அவசரப்பட்டு வெட்டாதீர்கள் என்று அந்த ஆபீசர் அன்றைக்கே சொல்லியிருக்கிறார். அப்பாதான் கேட்கவில்லை. என் குடத்து உப்பால் எதுவும் ஆகவில்லை. அன்று நான் அவர் காலைக் கட்டிக்கொண்டு அழுதபோது, அப்பா ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.